காட்டுப் போராட்டத்துக்குப் போனால் விசா போய்விடுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காஃப்ஸ் ஹார்பர் அருகே, படிப்பு முடித்தவர்களுக்கான 485 விசாவில் இருக்கிறேன். பக்கத்து அரசுக் காட்டில் இயற்கையாக வளர்ந்த பழைய மரங்களை வெட்டுகிறார்கள். அதை எதிர்க்கும் போராட்டத்துக்கு நண்பர்கள் அழைக்கிறார்கள். "ஃபார்ம் 1 கொடுத்தாயிற்று, யாரையும் கைது செய்ய முடியாது, போராடுவது உரிமை என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது" என்கிறார்கள். ஒரு விசா ஏஜென்ட், "கேஸ் ஆனாலும் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் காட்ட வேண்டாம்" என்கிறார். நான் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் நண்பர்கள் சொன்னது பாதிதான் சரி. ஏஜென்ட் சொன்னது முழுக்கத் தவறு.

முதலில் ஹைகோர்ட் விஷயம். (ஆஸ்திரேலியாவில் ஹைகோர்ட்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம்.) டாஸ்மேனியாவின் லாப்போய்ன்யா காட்டில் 2016 ஜனவரியில் பசுமைக் கட்சியின் முன்னாள் தலைவர் பாப் பிரவுன் கைதானார். அவரும் இன்னொருவரும் தொடுத்த வழக்கில், 2017 அக்டோபரில் அந்த மாநிலத்தின் போராட்டத் தடுப்புச் சட்டத்தில் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எங்கே நின்றால் குற்றம் என்று போராடுபவருக்கே தெரியாத அளவுக்கு அந்தச் சட்டம் மங்கலாக இருந்தது. போலீஸ் ஒருமுறை போகச் சொன்னால் நான்கு நாள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்றும் இருந்தது. அரசியல் கருத்துப் பரிமாற்றத்தை அளவுக்கு மீறி நெரிக்கும் சட்டத்தை இயற்ற அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அது உங்கள் கையில் கொடுத்த தனிநபர் உரிமை அல்ல. போலீஸ்காரரிடம் அதைக் காட்டி வேலிக்குள் போக முடியாது. விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தலைநகர்ப் பகுதி மூன்றிலும் மனித உரிமைச் சட்டம் உண்டு. நியூ சவுத் வேல்ஸிலும் டாஸ்மேனியாவிலும் இன்றுவரை இல்லை. அரசுக் காட்டில் இயற்கை மரம் வெட்டுவதை விக்டோரியா 2024 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. வெட்டு தொடரும் இந்த இரண்டு மாநிலங்களிலும் உரிமைச் சட்டம் இல்லை என்பது பொறுக்க முடியாத நிலை. எத்தனை அரசு மாறினாலும் இதைச் சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை.

அடுத்து ஃபார்ம் 1. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். இது போராட்டத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல. கூட்டம் நடத்தப்போகிறோம் என்று போலீஸ் கமிஷனருக்குக் கொடுக்கும் அறிவிப்பு. ஏழு நாள் முன்னதாகக் கொடுத்தால், கூட்டத்தைத் தடுக்க நினைக்கும் போலீஸ்தான் நீதிமன்றம் போக வேண்டும். அதற்குப் பிந்திக் கொடுத்து, போலீஸும் ஒத்துக்கொள்ளாவிட்டால், நடத்துபவர்கள் போய் அனுமதி வாங்க வேண்டும். ஃபார்ம் 1 இல்லாத கூட்டமும் அதனாலேயே குற்றமாகிவிடாது.

அங்கீகாரம் கிடைத்த கூட்டத்துக்கு என்ன பாதுகாப்பு? சட்டவிரோதக் கூட்டத்தில் கலந்துகொண்டது, பொது இடத்தில் ஆளையோ வண்டியையோ மறித்தது, இந்த இரண்டு வகைக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும். அதுவும் படிவத்தில் எழுதிய இடம், நேரம், பாதையை ஒட்டியே கூட்டம் நடந்தால்தான். "ரோட்டோரம் காலை 9 முதல் 12 வரை" என்று எழுதிவிட்டு, பதினோரு மணிக்கு யாரோ "வாங்க உள்ளே போவோம்" என்று கூப்பிட, இருபது பேர் காட்டுப் பாதையில் இறங்கினால், அந்த இருபது பேருக்கும் ஃபார்ம் 1 வெறும் காகிதம். அத்துமீறி நுழைவது, இயந்திரத்தோடு சங்கிலியால் பிணைத்துக்கொள்வது, மரத்தில் ஏறி உட்காருவது எதையும் அது காப்பாற்றாது. ஆகவே படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நகல் தராத அமைப்பாளரை நம்பிப் போகாதீர்கள்.

உங்களுக்கு உண்மையான எல்லைக்கோடு, காட்டின் மூடல் அறிவிப்புதான். சாதாரண நாளில் அரசுக் காட்டில் யாரும் நடக்கலாம். வெட்டு நடக்கும் பகுதியை, அரசின் மரம் வெட்டும் நிறுவனமான ஃபாரஸ்ட்ரி கார்ப்பரேஷன் மூடி, வரைபடத்தோடு இணையதளத்தில் போடும். பாதையிலும் பலகை வைக்கும். அதைத் தாண்டினாலே குற்றம். உள்ளே போய் வேலையைத் தடுத்தால், அத்துமீறி நுழைவதற்கு எதிரான, 1901ஆம் ஆண்டின் அடைப்பு நிலச் சட்டத்தில் இன்னும் கடுமையான வழக்கு வரலாம். போராட்டத்துக்கு முந்தின இரவு வரைபடத்தைப் போனில் இறக்கிவையுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. காலையில் மறுபடி பாருங்கள், எல்லை மாறியிருக்கலாம். இதே பகுதியில் அமைக்கத் திட்டமிட்ட பெரிய கோலா தேசியப் பூங்காவுக்காக 2025 செப்டம்பரில் 1,76,000 ஹெக்டேரில் வெட்டை நிறுத்திவைத்தார்கள். "அப்படியானால் இங்கே வெட்டுவதே தப்புதானே, நாம் நுழைந்தால் என்ன" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எல்லைக்கு வெளியே உள்ள காட்டுக்கு அது பொருந்தாது.

பெரிய சாலை, துறைமுகம், ரயில் நிலையம் பக்கம் ஊர்வலம் திரும்பினால் விலகி வந்துவிடுங்கள். அங்கே மறியலுக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது: இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 22,000 டாலர் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அதில் சில பகுதிகள் 2023இல் நீதிமன்றத்தில் விழுந்தன, மிச்சம் நிற்கிறது.

இனி விசா. 485 தற்காலிக விசா. எந்தக் குற்றத்துக்காகவும் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று கன்விக்‌ஷன் பதிவானால், தண்டனை எவ்வளவு சின்னதானாலும், விசாவை ரத்து செய்ய அது ஒரு காரணமாகலாம். குடிமகனான நண்பருக்கு ஐநூறு டாலர் அபராதத்தோடு முடிவது உங்களுக்கு அப்படி முடியாது. இதை அமைப்பாளர்கள் யோசிப்பதில்லை.

ஒருவேளை பிடித்துவிட்டால் பெயரையும் முகவரியையும் உண்மையாகச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளுக்கு, "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். கையில் தருவது அபராதச் சீட்டா, கோர்ட் நோட்டீஸா என்று பாருங்கள். அபராதச் சீட்டுக்குப் பணம் கட்டினால் கன்விக்‌ஷன் ஆகாது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றால் ஆகலாம். ஜாமீன் நிபந்தனையில் "எந்த அரசுக் காட்டுக்கும் போகக்கூடாது" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், அதைச் சுருக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம். கேட்காமல் மீறினால் மறுபடி கைது.

கோர்ட் நோட்டீஸ் வந்தால் முதல் நாளே "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "விசாவில் இருக்கிறேன், வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும்" என்று கேளுங்கள். குற்றம் நிரூபணமானாலும் மாநிலத்தின் தண்டனை நடைமுறைச் சட்டத்தில் செக்‌ஷன் 10இன் கீழ் கன்விக்‌ஷன் பதியாமல் விட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு உங்கள் விசா நிலையை எழுத்தில் முன்வைக்க வேண்டும், அவராகக் கேட்கமாட்டார். லீகல் எய்டும் சமூகச் சட்ட மையங்களும் இலவசமாக ஆலோசனை தருகின்றன.

கடைசியாக அந்த ஏஜென்ட். பி.ஆர். படிவம் கன்விக்‌ஷனை மட்டும் கேட்பதில்லை. நிலுவையில் உள்ள குற்றச்சாட்டையும் கேட்கும். மறைத்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பல விசாக்களுக்கு மூன்று ஆண்டு கதவும் அடைபடும். மறைத்த பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். ஏஜென்ட் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அவரிடம் ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் இல்லாதவர், வக்கீலும் இல்லை என்றால், காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்வதே சட்டவிரோதம். எண் இருந்தாலும், பொய் எழுதச் சொல்பவரிடம் உங்கள் ஃபைலை விட்டுவைக்காதீர்கள், இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.