மேஜர் சரி, அலைடு என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சேலம் மாவட்டத்திலிருந்து குவிந்த கேள்விகளில், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப் (இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்). 400-க்கு 318 மதிப்பெண். சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கும், இன்னொன்றில் பி.எஸ்சி. விலங்கியலுக்கும் ரேங்க் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. வேதியியலுக்குத்தான் மதிப்பு என்கிறார்கள். பழங்குடியினர் பிரிவில் விண்ணப்பித்திருக்கிறேன். எதில் சேர்வது?
— மாணவி, ஏற்காடு

எதற்கு மதிப்பு என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்லூரியில் வேதியியலுக்கு அலைடு, அதாவது மேஜரோடு (முதன்மைப் பாடத்தோடு) சேர்த்துப் படிக்க வேண்டிய துணைப் பாடம், என்ன என்று முதலில் கேளுங்கள்.

நம் கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-இல் மேஜரும் அலைடும். பகுதி 4-இல் என்.எம்.இ. எனப்படும் வேற்றுத் துறைப் பாடம், திறன் பாடம், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி. பகுதி 5 என்பது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. அலைடு பொதுவாக இரண்டு. முதல் வருஷம் ஒன்று, இரண்டாம் வருஷம் ஒன்று. புதிய பாடத்திட்டங்களில் இதையே எலெக்டிவ் என்று போட்டிருப்பார்கள். சேரும்போது யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. முதல் செமஸ்டரில் அரியர் விழுந்த பிறகுதான் பேசுகிறார்கள்.

வேதியியலுக்குச் சில கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும் அலைடு. சில இடங்களில் கணிதத்துக்குப் பதிலாகத் தாவரவியலோ விலங்கியலோ உண்டு. நீங்கள் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர். அலைடு கணிதத்தில் அணிகள், சமன்பாட்டியல், வகையிடல், தொகையிடல் என்று பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதம் தெரிந்தவருக்கென்றே பாடம் எழுதியிருப்பார்கள். ஆசிரியரும் அங்கிருந்துதான் தொடங்குவார். படித்துத் தேறியவர்கள் உண்டு, ஆனால் முதல் ஆறு மாதம் மேஜருக்கு ஒதுக்க வேண்டிய நேரத்தைக் கணிதம் தின்றுவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. அகமதிப்பீட்டில் முழுசாக வாங்கினாலும் தேர்வில் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தாக வேண்டும். அரியர் விழுவது அந்த இடத்தில்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கல்லூரி தன்னாட்சி பெற்றதென்றால் அதன் இணையதளத்தில், இல்லையென்றால் பெரியார் பல்கலைக்கழக இணையதளத்தில், பாடத்திட்டத்தின் பிடிஎஃப் கிடைக்கும். முன்பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும்: செமஸ்டர், பகுதி, தாளின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி, கிரெடிட், அகம், புறம். அதில் முதல் செமஸ்டரில் பகுதி 3-க்கு நேரே மேஜர் அல்லாத தாள் எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் அலைடு. இரண்டு பாடங்களுக்கு இடையே சாய்கோடு போட்டிருந்தால் தேர்வு உண்டு என்று அர்த்தம். ஆனால் துறையில் கேட்டே உறுதி செய்யுங்கள். தாளில் இரண்டு இருக்கும். நடத்த ஆள் இருப்பது ஒன்றுக்கு மட்டுமாக இருக்கலாம்.

உயிரியல் அலைடு கிடைத்தால் வேதியியலே நல்லது. ஒரே ஒரு கதவு மட்டும் பாதி மூடும்: எம்.எஸ்சி. வேதியியலுக்குப் பிளஸ் டூ அளவிலாவது கணிதம் கேட்கிற ஐஐடிகள் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி., அப்புறம் பி.எட். என்று போவதற்கு இது தடையில்லை. கணிதம்தான் அலைடு, வேறு வழியில்லை என்றால் விலங்கியலை எடுங்கள். அதற்குத் தாவரவியலும் வேதியியலும் அலைடாக வருவதே வழக்கம். இரண்டும் நீங்கள் படித்தவை. எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் பகுதி 3 மதிப்பெண்ணை மொத்தமாகப் பார்க்கும் இடங்களில் அலைடு மதிப்பெண்ணும் கணக்கில் வரும், மறக்க வேண்டாம்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் விண்ணப்பம் மட்டும்தான் பொது. கலந்தாய்வை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக நடத்தும். முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவு. பிறகு பொதுக் கலந்தாய்வு. பொறியியல் போல அப்வேர்ட் (கிடைத்ததைவிட மேலான இடத்துக்குக் காத்திருப்பது) எல்லாம் இங்கே கிடையாது. உங்கள் ரேங்க் வரும் நாளில் நேரில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். விலங்கியல் கலந்தாய்வு முன்னால் வந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். வேதியியல் பிறகு கிடைத்தால் எழுதிக் கொடுத்து டிசியை வாங்கிக்கொண்டு மாறலாம். இரண்டுக்கும் காத்திருந்து இரண்டையும் விட்டவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பழங்குடியினர் சாதிச் சான்று கோட்டாட்சியர் வழங்கியதாக இருக்க வேண்டும். மற்ற பிரிவினருக்குத் தாசில்தார் அலுவலக அளவில் கிடைப்பதால், மலையிலும் அதையே நினைத்துக் கடைசி வாரத்தில் அலைகிறார்கள். இ-சேவை மையத்தில் இன்றே பதிவு செய்யுங்கள். அடுத்தது ஷிப்ட். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில் இரண்டாவது ஷிப்ட் கிடைத்தால் வகுப்பு முடிய மாலையாகிவிடும். அதற்குமேல் பழைய பஸ் ஸ்டாண்டுக்கோ புது பஸ் ஸ்டாண்டுக்கோ வந்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து உள்கிராமத்துக்குப் போக வேண்டும். தினம் அது நடக்காது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறை விடுதிக்குச் சேர்க்கை அன்றைக்கே விண்ணப்பம் கேளுங்கள்.

மகளுக்குக் கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 81. பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது. கேட்ட கல்லூரி இல்லை, பட்டியலில் ஒன்பதாவதாகப் போட்டது. 'அக்செப்ட்', 'டிக்ளைன்' என்று ஐந்து வழி காட்டுகிறது. எதை அழுத்துவது?
— தந்தை, ஆத்தூர்

கணக்கை முதலில் சரிபார்த்துக்கொள்வோம். கணிதம் அப்படியே 88, இயற்பியலில் பாதி 38, வேதியியலில் பாதி 40.5. கட்-ஆஃப் 200-க்கு 166.5.

ஐந்து வழியின் அர்த்தம் இதுதான். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்': இதுவே போதும், கல்லூரிக்குப் போய்ச் சேர்கிறேன். 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்': இந்த இடம் என் கையில் இருக்கட்டும், மேலே போட்டதில் ஏதாவது காலியானால் கொடுங்கள். 'டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்': இந்த இடம் வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் வருகிறேன். மீதி இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போவதும், கலந்தாய்வை விட்டே விலகுவதும்.

ஒன்பதாவதாக வந்த கல்லூரி உங்களுக்குச் சகிக்கக்கூடியது என்றால் இரண்டாவது வழியே பாதுகாப்பு. மூன்றாவதை ஆசையில் அழுத்தாதீர்கள். அப்வேர்ட் என்பது உங்கள் பட்டியலில் 1 முதல் 8 வரை போட்ட இடங்களுக்கு மட்டும்தான். பட்டியலில் இல்லாத கல்லூரிக்கோ, ஒன்பதுக்குக் கீழே போட்டதற்கோ அது போகாது. அந்த எட்டும் போன வருஷமே 185-க்கு மேல் மூடியவை என்றால் மேலே எதுவும் நகரப்போவதில்லை. போன வருஷ கட்-ஆஃபை உங்கள் சாதிப் பிரிவுக்கு நேரே பாருங்கள், பொதுப்பிரிவு வரியைப் பார்த்து மலைக்காதீர்கள்.

அப்வேர்ட் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். 'பழையதே தேவலாம்' என்று பிறகு சொல்ல முடியாது. ஆகவே முதல் எட்டில், வீட்டுக்குத் தெரியாமல் தோழிக்காகப் போட்ட கல்லூரி ஏதாவது இருக்கிறதா என்று மகளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பணம் கட்டும் இடத்திலும் கவனம் வேண்டும்: ஜாயின் என்றால் கல்லூரியில், அப்வேர்ட் என்றால் டிஎப்சி எனப்படும் உதவி மையத்தில். அறிவித்த நாளுக்குள் கட்டவில்லை என்றால் இடம் போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம். அமாவாசை கழியட்டும், அஷ்டமி போகட்டும் என்று தள்ளினால் எதையும் அழுத்தாமலேயே சீட் கைவிட்டுப் போகும்.

இன்னும் பட்டியல் போடாத மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை தெரிவு வேண்டுமானாலும் போடலாம், வரம்பு இல்லை. பத்தே பத்து போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்பவர்கள் தோற்றது மதிப்பெண்ணால் அல்ல. கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரிதான் வேண்டும் என்றால் அதன் எல்லாப் பிரிவையும் உங்கள் விருப்ப வரிசையில் மேலே போடுங்கள், அதற்காகக் கீழே உள்ளதைக் காலியாக விடாதீர்கள். பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பாடப்பிரிவு, கட்டணம் கூடும்.

காமர்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படித்தேன். கணிதம் இல்லை. பிசிஏவா, பி.காம். சிஏவா (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்)? பிறகு எம்சிஏ போக ஆசை.
— மாணவர், ஓமலூர்

எம்சிஏ ஆசை உறுதி என்றால் பிசிஏ. ஆனால் ஒரு நிபந்தனை: எம்சிஏவுக்குப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் கேட்கும் தகுதி. உங்களுக்குப் பிளஸ் டூவில் இல்லை. ஆகவே பிசிஏவின் அலைடில் அது வந்தாக வேண்டும். கணிதமோ புள்ளியியலோ தாளின் பெயரிலேயே தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். 'லாஜிக்', 'ஆப்டிட்யூட்' என்று பெயர் வைத்த தாளைக் காட்டி, கணிதம் படித்தேன் என்று பிறகு வாதாடுவது வீண் வேலை.

மகன் சிபிஎஸ்இயில் தமிழே எடுக்காமல் இந்தி படித்தவன். கல்லூரியில் பகுதி 1-க்கு இந்தியே போதுமா? மார்க் வரும் என்கிறான்.
— தாய், அஸ்தம்பட்டி

எடுக்கலாம். ஆனால் தமிழ் அதோடு விட்டுவிடாது. பள்ளியில் தமிழே படிக்காதவர்கள் பகுதி 4-இல் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுப்பவர்களுக்குச் சிறப்புத் தமிழ். இந்தத் தாளை விட்டால் பட்டம் வராது. பிள்ளைகள் இதைக் கடைசி செமஸ்டர் வரை அரியராகத் தள்ளிக்கொண்டே போவதுதான் கவலை.

அரசு வேலை பற்றி யோசனை இருந்தால் இந்திக்கு வரும் மார்க்கைவிடத் தமிழ் முக்கியம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். குரூப் 4-இல் 100 கேள்வி, 150 மதிப்பெண், அதில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடிப்படைத் தமிழ்த் தாள் அந்த அளவுக்குக் கொண்டுபோகாது. வீட்டில் இப்போதே பழைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

பத்தாம் வகுப்பு வரை நாகலூர் பக்கம் அரசுப் பள்ளி. பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டா?
— மாணவி, ஏற்காடு

கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். பழங்குடியினர் நலத் துறைப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும், உதவி பெறும் பள்ளி வராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. அதற்குக் கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தோம். இப்போது அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் திரும்பாது, டிசியும் தர மாட்டோம் என்கிறார்கள்.
— பெற்றோர், அயோத்தியாப்பட்டணம்

இரண்டும் தவறு. அசல் சான்றிதழை வைத்துக்கொள்ள யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இடம் தரவில்லை. கட்டணத்துக்கு 2018 விதி இப்படி: அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை; செயல்முறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்குமேல் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடச் சாதகமாகத் தனித் தேதியும் அறிவித்திருக்கிறது; 2024-இல் செப்டம்பர் 30 வரை முழுத் தொகை. இந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

வாய்ப்பேச்சு வேண்டாம். விலகும் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எந்தச் சதவீதம் என்பது அந்தத் தேதியை வைத்துத்தான். முத்திரை போட மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, யுஜிசியின் குறைதீர் தளத்தில் புகார் பதியுங்கள்.

'அப்ளைடு' என்று பெயர் வரும் பி.எஸ்சி. படித்தால் ஆசிரியர் வேலைக்குச் செல்லுமா?
— மாணவர், வாழப்பாடி

மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால் செல்லும், இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். சேரும் முன் கல்லூரியில் அந்த இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் 'எல்லாம் செல்லும் தம்பி' என்றால் சாதாரணப் பெயருள்ள பாடத்துக்கே போய்விடுங்கள்.