குரூப்பில் யார் யார்? ஆக்டிவ் டைரக்டரி பட்டியல் எடுப்பது: கேள்வி பதில்

ஆக்டிவ் டைரக்டரி (அலுவலக நெட்வொர்க்கின் யூசர், கணினி, குரூப் விவரங்களை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் டைரக்டரி) குரூப்புகளில் இருப்பவர்களைப் பட்டியலாக வெளியே எடுப்பது பற்றி மட்டும் கேளுங்கள். பாஸ்வேர்ட் ரீசெட், குரூப் பாலிசி எல்லாம் இன்னொரு நாள். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், கீபோர்டில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

புது அட்மின்: சார், யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸில் குரூப்பைத் திறந்து மெம்பர்ஸ் டேப் வரைக்கும் போயிட்டேன். எக்ஸ்போர்ட் பட்டனைக் காணோமே?

அங்கே அப்படியொரு பட்டனே கிடையாது. ஆக்‌ஷன் மெனுவில் இருக்கும் ‘எக்ஸ்போர்ட் லிஸ்ட்’ வலப்பக்கம் தெரியும் ஆப்ஜெக்ட்களைத்தான் கோப்பில் கொட்டும், குரூப்புக்குள் இருப்பவர்களை அல்ல. இதை நம்பி ஓயூவில் (டைரக்டரிக்குள் ஓர் உட்பிரிவு) இருக்கும் மொத்தப் பேரையும் ‘ஃபைனான்ஸ் குரூப்’ என்று அனுப்பிவைக்கிறவர்கள் உண்டு.

விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லுக்கு வாருங்கள். உங்கள் கணினியில் ஆர்எஸ்ஏடி (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கருவிகள்) இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் அது ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பட்டியலிலேயே வருகிறது (ஹோம் எடிஷனில் கிடையாது). பிறகு இது:

கெட்-ஏடிகுரூப்மெம்பர் "ஃபைனான்ஸ்" | வேர்-ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்கிளாஸ் -ஈக்யூ "யூசர்" | கெட்-ஏடியூசர் -ப்ராப்பர்ட்டீஸ் டிபார்ட்மென்ட் | செலக்ட்-ஆப்ஜெக்ட் நேம், சாம்அக்கவுன்ட்நேம், எனேபிள்ட், டிபார்ட்மென்ட் | எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி ஃபைனான்ஸ்.சிஎஸ்வி -நோடைப்இன்ஃபர்மேஷன் -என்கோடிங் யுடிஎஃப்8

நடுவில் கெட்-ஏடியூசர் எதற்கு? முதல் கட்டளை தருவது பெயர், சாம்அக்கவுன்ட்நேம் (லாகின் பெயர்), டிஎன் (டைரக்டரியில் இருக்கும் இடத்தோடு சேர்ந்த முழுப் பெயர்), எஸ்ஐடி (பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்) மாதிரி ஒரு கைப்பிடி விவரம்தான். கணக்கு முடக்கப்பட்டதா, எந்தத் துறை என்பதெல்லாம் அதில் வராது. வேர்-ஆப்ஜெக்டை விட்டுவிட்டால், குரூப்புக்குள் இன்னொரு குரூப்போ கணினியோ இருக்கும் இடத்தில் கெட்-ஏடியூசர் சிவப்பாகக் கத்தும். நோடைப்இன்ஃபர்மேஷன் இல்லாவிட்டால் பவர்ஷெல் 5.1 கோப்பின் முதல் வரியில் தேவையில்லாத ஒரு ‘#டைப்’ வரியை வைக்கும்.

சர்வர் ரூம்: இதை ஓட்ட டொமைன் அட்மின் கணக்கு வேணுமா?

வேண்டாம். அந்தக் கணக்கோடு ஓட்டவும் ஓட்டாதீர்கள். யாரும் உரிமைகளைக் கைவைத்து மாற்றாதவரை, டொமைனில் லாகின் செய்த எந்தச் சாதாரணக் கணக்கும் குரூப் மெம்பர்களைப் படிக்கலாம். பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட்டை டாஸ்க் ஷெட்யூலரில் டொமைன் அட்மின் பெயரில் போட்டு வைப்பது, வீட்டுச் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எடுத்த சிஎஸ்வியை மெயிலில் அனுப்பாதீர்கள். யாரைப் பிடித்தால் எந்தக் கதவு திறக்கும் என்ற வரைபடம் அது.

கோவை ஐடி: எங்க ஆல்-ஸ்டாஃப் குரூப்பில் 6,200 பேர். ‘சைஸ் லிமிட்’ தாண்டிவிட்டது என்று பிழை வருகிறது. டொமைன் கன்ட்ரோலரில் ஏதோ கான்ஃபிக் கோப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாமலே முடியும். கெட்-ஏடிகுரூப்மெம்பர் நேரடியாக எல்டாப்பில் (டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் நெறிமுறை) பேசுவதில்லை. டொமைன் கன்ட்ரோலரில் (டைரக்டரியை வைத்திருக்கும் சர்வர்) 9389 போர்ட்டில் இருக்கும் ஏடி வெப் சர்வீசஸ் வழியாகப் போகிறது. அந்தச் சேவையில் மேக்ஸ்குரூப்ஆர்மெம்பர்என்ட்ரீஸ் என்று ஒரு வரம்பு, இயல்பாக 5000. அதைக் கூட்ட வேண்டுமானால் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் கோப்பைத் திருத்திச் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டால், சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. காரணம் தேடியே ஒரு வாரம் போய்விடும்.

அதற்குப் பதில் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். குரூப்பிடம் ‘உன்னிடம் யார்’ என்று கேட்காமல், யூசர்களிடம் ‘இந்தக் குரூப்பில் யார்’ என்று கேளுங்கள்:

கெட்-ஏடியூசர் -எல்டாப்ஃபில்டர் "(மெம்பர்ஆஃப்=குரூப்பின் முழு டிஎன்)" -ப்ராப்பர்ட்டீஸ் டிபார்ட்மென்ட்

இது பக்கம் பக்கமாகத் தானே வாங்கிக்கொள்ளும், 5000 வரம்பு குறுக்கே வராது. வேகமும் கூடும். முதலில் சொன்ன வரி ஆளுக்கொரு தடவை கெட்-ஏடியூசரைக் கூப்பிடுகிறது, 6,200 பேருக்கு 6,200 கேள்வி. இது ஒரே தேடல்.

டிஎன்னில் அடைப்புக்குறி இருந்தால் ஃபில்டர் உடையும். திறக்கும் அடைப்புக்கு \28, மூடுவதற்கு \29, பின்சாய்கோட்டுக்கு \5சி என்று எழுதுங்கள். ‘சேல்ஸ் (தெற்கு)’ என்று குரூப்புக்குப் பெயர் வைத்தவரை அப்போதுதான் நினைத்துக்கொள்வீர்கள்.

பழைய ஏடிஎஸ்ஐ (பவர்ஷெல் மாட்யூலுக்கு முந்தைய வழி) ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையை ஒரு தடவை பாருங்கள். சரியாக 1500 வந்தால் பட்டியல் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு பண்பின் (அட்ரிபியூட்) மதிப்புகளை எல்டாப் ஒரு மூச்சில் 1500 வரைதான் தரும், மீதியை ‘ரேஞ்ச்’ போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். தேடல் முடிவு சரியாக 1000 என்றால் பேஜ்சைஸ் (ஒரு பக்கத்துக்கு எத்தனை என்ற அளவு) வைக்க மறந்திருக்கிறீர்கள். இரண்டிலும் பிழைச் செய்தி வராது. சத்தமில்லாமல் குறையும்.

இரவு ஷிஃப்ட்: டொமைன் யூசர்ஸ் குரூப்பின் மெம்பர் பண்பு காலியாக இருக்கிறது. கரப்ட் ஆகிவிட்டதா?

இல்லை. அது யூசர்களுக்கு இயல்பாகவே பிரைமரி குரூப். அந்த உறவு குரூப்பில் எழுதப்படுவதில்லை, யூசர் மீது பிரைமரிகுரூப்ஐடி என்ற எண்ணாக இருக்கிறது: டொமைன் யூசர்ஸ் 513, டொமைன் கம்ப்யூட்டர்ஸ் 515, டொமைன் கன்ட்ரோலர்ஸ் 516. "(பிரைமரிகுரூப்ஐடி=513)" என்று தேடுங்கள். கோவைக்குச் சொன்ன மெம்பர்ஆஃப் தேடலிலும் இவர்கள் விழ மாட்டார்கள்.

பழைய டிரஸ்ட்: ஒரே ஒரு குரூப்புக்கு மட்டும் ‘அன்ஸ்பெசிஃபைடு எரர்’ என்று வருகிறது. மற்றதெல்லாம் சரி.

அந்தக் குரூப்பில் வேறு டொமைன்காரர் ஒருவர் இருப்பார். அந்த டொமைனோடு இருந்த டிரஸ்ட்டும் (நம்பிக்கை இணைப்பு) போயிருக்கும். கெட்-ஏடிகுரூப் "பெயர்" -ப்ராப்பர்ட்டீஸ் மெம்பர் என்று எடுத்து மெம்பர் டிஎன்களைக் கண்ணால் பாருங்கள். ‘ஃபாரின்செக்யூரிட்டிபிரின்சிபல்ஸ்’ கன்டெய்னரில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் இருந்தால் அதுதான் ஆள்.

உடனே டெலீட் பட்டனைத் தட்டாதீர்கள். அதே கன்டெய்னரில் எஸ்-1-5-11 என்று ஒன்று இருக்கும். அது ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’. அனாதை என்று நினைத்து அதைக் குரூப்பிலிருந்து தூக்கினால் உடைவது சம்பந்தமே இல்லாத இடத்தில் தெரியும்.

மதுரை பள்ளி ஐடி: டிஸ்ப்ளே நேம் தமிழில் வைத்திருக்கிறோம். சிஎஸ்வியில் எல்லாம் ???? என்று வருகிறது.

பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வியின் இயல்பு ஆஸ்கி. தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாகத்தான் கோப்பிலேயே எழுதப்படுகிறது, பிறகு மீட்க முடியாது. மறுபடி எடுங்கள், -என்கோடிங் யுடிஎஃப்8 போட்டு. பவர்ஷெல் 7-இல் நிலைமை வேறு. கோப்பு சரியாக இருக்கும், ஆனால் முன்னால் பிஓஎம் (என்கோடிங்கைச் சொல்லும் அடையாளம்) இல்லாததால் எக்செல் அதை டபுள்கிளிக்கில் கன்னாபின்னாவென்று காட்டும். அங்கே யுடிஎஃப்8பிஓஎம் என்று கொடுங்கள்.

ஊழியர் எண்: எக்செலில் திறந்ததும் 004512 என்பது 4512 ஆகிவிடுகிறது.

கோப்பில் சரியாகத்தான் இருக்கிறது, நோட்பேடில் பாருங்கள். எக்செலில் டேட்டா மெனு வழியாக இறக்கி, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வையுங்கள். எக்செலில் திறந்து சேமித்த கோப்பை மறுபடி ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கவே கூடாது.

அவசரம்: மெம்பர்ஸ் டேபில் எக்ஸ்போர்ட் எங்கே இருக்கு?

முதல் பதில்.

ஆடிட் வருது: குரூப்புக்குள் குரூப், அதற்குள் இன்னொன்று. ஆடிட்டர் ‘முழுப் பட்டியல்’ கேட்கிறார். -ரிகர்சிவ் போட்டால் போதுமா?

ஆடிட்டர் உண்மையில் கேட்பது என்ன? குரூப்புக்கு உரிமை கொடுத்திருக்கும் ஃபோல்டரை யார் திறக்க முடியும் என்பது ஒரு கேள்வி. எப்படித் திறக்க முடிகிறது என்பது இன்னொன்று. -ரிகர்சிவ் முதலாவதற்குத்தான் பதில். அடியில் இருக்கும் ஆட்களைத் தரும், நடுவில் இருந்த குரூப்புகளை விழுங்கிவிடும். ‘இவரை எடுத்துவிடுங்கள்’ என்று ஆடிட்டர் சொன்னால் எந்தக் குரூப்பிலிருந்து எடுப்பது என்று உங்களுக்கே தெரியாது.

ஆகவே இரண்டு கோப்பு கொடுங்கள். ஒன்றில் ஆட்கள். இன்னொன்றில் குரூப்–நேரடி மெம்பர் என்று இரண்டிரண்டாக, குரூப்புகளையும் விடாமல். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி விரித்தால், பார்த்த குரூப்பைக் குறித்துக்கொண்டே போங்கள். ‘அ’வுக்குள் ‘ஆ’, ‘ஆ’வுக்குள் ‘அ’ என்று சுற்றாக வைக்க ஆக்டிவ் டைரக்டரி அனுமதிக்கிறது. குறிக்காத ஸ்கிரிப்ட் செக்குமாடு மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எஸ்-1-5-11 ஞாபகம் இருக்கட்டும். அது ஒரு வரியாகத்தான் பட்டியலில் தெரியும், ஆனால் அந்த ஒரு வரிக்கு டொமைனில் உள்ள அத்தனை பேரும் என்று பொருள்.

எல்டாப் பித்தன்: இவ்வளவு சுற்று எதற்கு? ஒவ்வொரு யூசருக்கும் மெம்பர்ஆஃப் எடுத்தால் ஒரே கோப்பில் எல்லாம் முடிந்தது. இருபது வருடமாக எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

அது பதிலே ஆகாது. மெம்பர்ஆஃப் என்பது பேக்லிங்க். உண்மை எழுதியிருப்பது குரூப்பின் மெம்பர் பண்பில், இது அதன் நிழல். பிரைமரி குரூப் அதில் இல்லை. உள்ளே உள்ளே போகும் குரூப்புகள் இல்லை. வேறு டொமைனில் இருக்கும் டொமைன் லோக்கல் குரூப்பில் அவர் இருந்தால் அதுவும் தெரியாது.

எல்டாப் பித்தன்: உள்ளே போவதற்குத்தான் 1.2.840.113556.1.4.1941 விதி இருக்கிறதே. மெம்பர்ஆஃப் பக்கத்தில் அதைப் போட்டால் சங்கிலி முழுக்க ஏறும்.

ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு குரூப்புக்கு நானும் அதைத்தான் சொல்வேன். "(மெம்பர்ஆஃப்:1.2.840.113556.1.4.1941:=குரூப் டிஎன்)" என்று ஒரே வரியில் வேலை முடியும், சுற்றில் மாட்டாது. ஆனால் அதுவும் பிரைமரி குரூப்பைப் பார்க்காது. பெரிய டொமைனில் எல்லாக் குரூப்புக்கும் இதை வரிசையாக ஓட்டினால் டொமைன் கன்ட்ரோலரின் சிபியூ என்ன ஆகிறது என்று பக்கத்தில் ஒரு ஜன்னலில் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

சர்வர் ரூம்: நடுவே வருகிறேன். க்ளோபல் கேட்டலாக்கில் (எல்லா டொமைன்களின் ஆப்ஜெக்ட்களையும் சுருக்கமாக வைத்திருக்கும் நகல்), 3268 போர்ட்டில் கேட்டால் எல்லா டொமைனும் வந்துவிடாதா?

ஆட்கள் வருவார்கள், மெம்பர்ஷிப் முழுசாக வராது. யுனிவர்சல் குரூப்பின் மெம்பர் பட்டியல் மட்டுமே கேட்டலாக்குக்கு நகலாகிறது. க்ளோபல் குரூப்பும் டொமைன் லோக்கல் குரூப்பும் அவரவர் டொமைனிலேயே நிற்கும். 3268-இல் எடுத்த பட்டியல் சில குரூப்புக்கு நிறைவாகவும் சில குரூப்புக்குக் காலியாகவும் இருக்கும். காலியானவற்றை ‘யாரும் இல்லாத குரூப்’ என்று அழித்துவிட்டால் அப்புறம் உங்கள் பாடு.

எல்டாப் பித்தன்: சரி, டோக்கன்குரூப்ஸ் பண்பு? பிரைமரியும் வரும், உள்ளே இருப்பதும் வரும். அதையும் தள்ளிவிடுவீர்களா?

தள்ள மாட்டேன். ‘இவர் லாகின் செய்தால் எந்தெந்தக் குரூப் ஒட்டிக்கொள்ளும்’ என்ற கேள்விக்கு அதைவிடக் கிட்டத்தில் எதுவும் இல்லை. மூன்று குறை மட்டும் சொல்கிறேன். எஸ்ஐடிகளாகத்தான் வரும், பெயராக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே, பேஸ் ஸ்கோப்பில்தான் கேட்க முடியும். டிஸ்ட்ரிப்யூஷன் குரூப்புகள் (மெயிலுக்கு மட்டுமானவை) அதில் வராது. பத்து முக்கியக் கணக்குகளைச் சோதிக்க நல்லது, 6,200 பேருக்கு ஆகாது. இத்தோடு இதை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆடிட் வருது: அப்போ நான் எதைக் கொடுக்கட்டும்?

இரண்டு கோப்பு. மேலே சொன்னதுதான். மெயிலில் அல்ல.

பழைய கை: நெட் குரூப் பெயர் /டொமைன் என்று அடித்தால் வருகிறதே, அதை காப்பி செய்துகொள்ளலாமே?

மூன்று நெடுவரிசையாக வரும், உள்ளே இருக்கும் குரூப்புகளைக் காட்டாது. கண்ணால் பார்க்க மட்டும்.

தேதி வேணும்: ஒருவரை டொமைன் அட்மின்ஸில் எப்போது சேர்த்தார்கள், யார் சேர்த்தார்கள் என்று பட்டியலில் வருமா?

எப்போது என்பது வரும். ரெப்அட்மின் /ஷோஆப்ஜ்மெட்டா, பிறகு டொமைன் கன்ட்ரோலர் பெயர், குரூப் டிஎன். கடைசியில் மெம்பர் வரிகள் ஒவ்வொன்றுக்கும் தேதியும் ‘பிரசென்ட்’, ‘ஆப்சென்ட்’ என்ற நிலையும் இருக்கும். நீக்கப்பட்டவரும் கொஞ்ச காலம் ஆப்சென்ட் என்று அங்கே தெரிவார். ‘லெகசி’ என்று இருந்தால் விண்டோஸ் 2003 ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு) நிலைக்கு முன்னால் சேர்த்தது, தேதி கிடைக்காது.

யார் என்பது டைரக்டரியில் இல்லை, செக்யூரிட்டி லாகில் இருக்கிறது. க்ளோபல் குரூப்பில் சேர்த்தால் நிகழ்வு 4728, நீக்கினால் 4729. டொமைன் லோக்கலுக்கு 4732, 4733. யுனிவர்சலுக்கு 4756, 4757. ஆடிட் பாலிசி முன்பே இயங்கியிருக்க வேண்டும், லாகும் சுழன்று அழிந்திருக்கக் கூடாது.

கிளவுட்காரன்: மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் டைரக்டரியான என்ட்ரா ஐடியில்?

கெட்-எம்ஜிகுரூப்மெம்பர், கூடவே -ஆல். அது இல்லாவிட்டால் முதல் 100 பேரோடு நின்றுவிடும். பெயர் முதலான விவரம் அடிஷனல்ப்ராப்பர்ட்டீஸுக்குள் ஒளிந்திருக்கும். பழைய ஏசூர்ஏடி, எம்எஸ்ஆன்லைன் மாட்யூல்களில் ஸ்கிரிப்ட் இருந்தால் மாற்றி எழுதுங்கள், 2024 மார்ச் 30-இலேயே மைக்ரோசாஃப்ட் அவற்றைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டது.

கோவை 2: 5000-க்கு மேல் போனால் பிழை வருகிறது சார், கான்ஃபிக் கோப்பு...

மேலே. கோப்பைத் தொடாதீர்கள்.

மாதக் கணக்கு: மாதாமாதம் எடுத்து, போன மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

இது நல்ல கேள்வி. -சர்வர் போட்டு எப்போதும் ஒரே டொமைன் கன்ட்ரோலரில் எடுங்கள். இல்லாவிட்டால் ரெப்ளிகேஷன் (கன்ட்ரோலர்களுக்குள் நகலாவது) தாமதமெல்லாம் ‘மாற்றம்’ என்று வரும். கோப்பின் பெயரில் தேதியும் அந்த கன்ட்ரோலர் பெயரும் இருக்கட்டும். எஸ்ஐடி நெடுவரிசை கட்டாயம். கம்பேர்-ஆப்ஜெக்டில் பெயரை வைத்து ஒப்பிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய ஒருவர் ‘ஒருவர் போனார், ஒருவர் வந்தார்’ என்று இரண்டு வரியாக நிற்பார். எஸ்ஐடியில் ஒப்பிட்டால் நிற்க மாட்டார்.

2016 ஃபாரஸ்ட் நிலையில் தற்காலிக மெம்பர்ஷிப் வசதியைத் திறந்திருந்தால், கெட்-ஏடிகுரூப்பில் -ஷோமெம்பர்டைம்டுலிவ் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎன்னுக்கு முன்னால் மீதமுள்ள நேரம் விநாடிக் கணக்கில் வரும். மாதக் கடைசியில் எடுக்கும் பட்டியலில், நடுவில் நாலு மணி நேரம் மட்டும் அட்மினாக இருந்தவர் எப்படியும் தெரிய மாட்டார். அவருக்கு 4728, 4732, 4756-ஐத்தான் பார்க்க வேண்டும்.