மணி பிளான்ட் கொடி நீளமாகத் தொங்குகிறது, இலைகளோ சிறுத்துக்கொண்டே போகின்றன. என்ன செய்யலாம்?

அலமாரி மேலிருந்து கொடி தொங்குகிறது, இலை சிறுக்கிறது, அடி இலைகள் பழுத்து உதிர்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கொடியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கொட்டிவிடாதீர்கள். அதற்கு ஏறுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மாமரம் இருக்கிறது. அதைச் சுற்றி ஏறிய கொடியில் இலை ஒவ்வொன்றும் சிறு முறம் அளவு, ஓரமெல்லாம் வெட்டு விழுந்து நிற்கும். வேறு ஏதோ செடி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். "உங்கள் ஜன்னலில் இருப்பதும் இதுதான் அம்மா" என்று தோட்டவேலை செய்பவர் சொன்னபோது நம்பவே முடியவில்லை. இதன் பூர்வீகம் பசிபிக் கடலில் தாஹித்திக்கு அருகே இருக்கும் மோரேயா தீவு. காட்டில் மரத்தைப் பற்றி மேலே ஏற ஏற இலை பெருக்கும். பிடிமானம் இல்லாமல் தொங்கினாலோ தரையில் ஓடினாலோ கணுக்களின் இடைவெளி நீண்டு இலை சிறுத்துவிடும். அடுத்த மரத்தைத் தேடிப் போகும் கோலம் அது.

ஆகவே முதலில் ஒரு கம்பு நடுங்கள். பி.வி.சி. குழாயில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் போதும், கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கணுவில் முளைக்கும் வேர்முனைகள் கம்பைத் தொடும்படியும், இலைகள் வெளிச்சத்தைப் பார்க்கும்படியும் வைத்து, துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். நாரைத் தினமும் நனைத்துவிடுங்கள். காய்ந்த நாரில் வேர் பிடிக்காது. பழைய இலைகள் இனிப் பெரிதாகாது, புதிதாக வருபவைதான் மெல்ல மெல்லப் பெருக்கும். வீட்டுக்குள் மாமரத்து அளவு வருவது அரிது. எனக்கு உள்ளங்கை அளவு வந்ததே பெரும் மகிழ்ச்சி.

பழுக்கும் இலைகளுக்கு வருவோம். எப்போதோ ஒன்றிரண்டு அடி இலை பழுப்பது இயல்பு. மண் ஈரமாக இருக்கும்போதே அடுத்தடுத்துப் பழுத்தால் வேர் அழுகுகிறது என்று கொள்ளுங்கள். முதல் செடியைத் தினமும் ஒரு செம்பு நீர் ஊற்றியே இழந்தேன், இன்றும் அது வருத்தம்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் பத்து நாள்கூட ஆகலாம். தொட்டியின் அடியில் துளை கட்டாயம். சந்தேகமாக இருந்தால் செடியை எடுத்து வேரைப் பாருங்கள்: கொழகொழவென்று பழுப்பாக இருப்பதை வெட்டிவிட்டு, செம்மண், கோகோ பீட் என்னும் தேங்காய் நார்த்தூள், ஆற்றுமணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து மறுபடி நடுங்கள். வேர் முழுவதும் போய்விட்டாலும் கொடி மிச்சமிருக்கும். கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் சில வாரங்களில் புது வேர் விடும்.

வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சி வெயில் ஆகாது. கிழக்கு ஜன்னல் மிகப் பொருத்தம். இலையில் மஞ்சள் வரிகள் மங்கிப் பச்சை கூடினால் அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை.

வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் கம்பை எட்டாத இடத்தில் வையுங்கள். இலையில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வெட்டிய பிறகு நீங்களும் கையைக் கழுவிவிடுங்கள்.