கிராமத்தைப் பார்க்க இங்கிலாந்துக்கா?

அன்புள்ள சார்,

வணக்கம். ஐந்து வருடமாக ரெடிங்கில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஏரல். வரும் ஜூனில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இங்கே வருகிறார்கள். லண்டன் பார்த்து முடித்தபிறகு ஒரு நாள் கிராமப்புறமும் கடற்கரையும் காட்ட வேண்டும் என்று ஆசை. இங்கே எனக்குக் கார் ஓட்டிப் பழக்கமில்லை. வழிகாட்டியே காரை ஓட்டிக்கொண்டு நம்மை மட்டும் கூட்டிப்போகும் பயணம் ஒன்றை விசாரித்தேன். வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு ஆல்ஃப்ரிஸ்டன் கிராமம், செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைச் சுண்ணப் பாறைக் கடற்கரை, போடியம் கோட்டை, ரை, கேன்டர்பரி எல்லாம் காட்டிவிட்டு ராத்திரி கொண்டுவந்து விடுவார்களாம். 650 பவுண்டு. அப்பாவிடம் போனில் சொன்னால், "ஏலே, கிராமத்துல பொறந்து கிராமத்துலயே கெடக்கேன். கிராமத்தப் பாக்கவா அவ்ளோ தூரம் வரணும்?" என்கிறார். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அந்தப் பக்கம் இரண்டு முறை போய்வந்ததாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இந்தப் பணம் தகுமா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்., ரெடிங்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. ஏரல்காரர் கிராமம் என்று நினைப்பது அங்கே இல்லை. ஆல்ஃப்ரிஸ்டனில் ஒரு காலை நேரம் போய் இறங்கினால் குறுகலான ஒரே தெரு, சாய்ந்த ஓட்டுக் கூரைகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. மனுஷர்களைத்தான் காணோம். கட்டிப்போட்ட மாடு இல்லை, களம் இல்லை, வாசலில் உட்கார்ந்து வம்பு பேச ஆள் இல்லை. ஆடுகள் மட்டும் தூரத்துக் குன்றில் வெள்ளைப் புள்ளிகளாக மேயும். அந்த வீடுகளில் இருக்கும் பலர் வேறெங்கோ சம்பாதித்து முடித்துவிட்டு வந்து குடியேறியவர்கள். அழகு உண்டு. ஆனால் வெறும் அழகு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும், அப்பாவுக்குக் கால் மணி நேரம் போதும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை இதேபோல ஒரு தனிக்கார் ஏற்பாடு செய்து மனைவியும் நானும் போனோம். ஒரே நாளில் ஆறு ஊர். ஓட்டிவந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்தால் எந்த ராஜா எந்த ராணியைக் கட்டினார் என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. ஒவ்வொரு ஊரிலும் இருபது நிமிடம். அதில் பாதி கழிப்பறை தேடுவதில் போனது. எந்தப் படம் எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. உங்கள் பட்டியலைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. ரெடிங்கிலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போக வர மட்டுமே சுமார் நான்கு மணி நேரம். அதில் கேன்டர்பரியையும் சேர்த்தால் அம்மா பார்க்கப்போவது முன்சீட்டின் முதுகைத்தான்.

இரண்டாவது தடவை வந்தவர் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். காரை ஒரு சந்தில் நிறுத்தி, தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுவர் முழுக்க முஷ்டி அளவுக் கற்கள். கீழே கிடந்த ஒரு உடைந்த துண்டை எடுத்து என் கையில் வைத்தார். வெளியே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைத் தோல், உள்ளே கருப்பட்டி நிறத்தில் கண்ணாடி மாதிரி வழவழப்பு, ஓரம் பிளேடு. சக்கிமுக்கிக் கல். அந்தச் சுண்ணப் பாறைக்குள் அடுக்கடுக்காக அது விளைந்து கிடக்கிறது. வேறு நல்ல கட்டடக் கல் அந்த வட்டாரத்தில் அரிது என்பதால் வீடு, மதில், கோயில் எல்லாம் இதில்தான். பாறை என்னவோ சாக்பீஸ். சீமைச் சுண்ணாம்பு என்று நம் வாத்தியார்கள் சொன்னார்களே, அந்தச் சீமையின் சுண்ணாம்பு சாட்சாத் இதுதான். பீச்சி ஹெட் என்ற கடல்முனையில் அது கடலுக்கு மேல் 162 மீட்டர் செங்குத்தாக நிற்கிறது. பிரிட்டனிலேயே உயரமான சுண்ணக் கடல்பாறை.

அப்பாவுக்குக் காட்ட வேண்டியது கிராமத்தை அல்ல, அந்தக் கடலின் வேலையை. ஏரலிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கொற்கை இருக்கிறது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் விலகிப்போய், இன்று வயலுக்கும் வாழைக்கும் நடுவில் கிடக்கிறது. ரை அவர்களின் கொற்கை. 13ஆம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மேடு. அரசருக்குக் கப்பல் கொடுத்து, பதிலுக்குச் சலுகைகள் வாங்கிக்கொண்ட துறைமுகங்களின் கூட்டத்தில் அதுவும் ஒன்று. 1287இல் ஒரு பெரும்புயல். அதுவரை நியூ ராம்னி என்ற ஊரருகே கடலில் விழுந்த ராதர் ஆறு, அதற்குப்பின் ரை பக்கம் திரும்பிவிட்டது. நியூ ராம்னி துறைமுகம் படுத்தது, ரைக்கு யோகம். பக்கத்தில் இருந்த பழைய வின்செல்சீ கடலோடு போனது. அந்த மக்களுக்காக முதலாம் எட்வர்ட் ஒரு குன்றின்மேல் கட்டம் போட்டதுபோல் தெருக்கள் வகுத்துப் புது ஊரே அமைத்துக் கொடுத்தார். அந்தக் கட்டங்களை இன்றும் நடந்து பார்க்கலாம். ஆனால் ஆறு சும்மா இருக்குமா? மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது ரையிலிருந்து கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரின் விளிம்பில் ஒரு பழைய கோட்டைக் கோபுரம். அங்கே நின்று பார்த்தால், கப்பல் நின்ற இடத்தில் ஆடு மேய்கிறது. அப்பாவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள்.

இதற்கு நேர்மாறு, செவன் சிஸ்டர்ஸ் பக்கத்தில் இருக்கும் பர்லிங் கேப். அங்கே கடல் உள்ளே வருகிறது. 1878இல் கடலோரக் காவலர்களுக்காகப் பாறை ஓரத்தில் வரிசையாக வீடுகள் கட்டினார்கள். நம் லைன் வீடு மாதிரி, சுவரோடு சுவர். பாறை சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் பின்வாங்குகிறது. சராசரிதான், சில வருடம் ஒன்றும் நடக்காது, ஒரு குளிர்காலத்தில் பல மீட்டர் ஒரேயடியாகச் சரியும். ஓரத்து வீட்டுக்குக் கடல் நெருங்கியதும் அதை இடித்து எடுத்துவிடுவார்கள். அடுத்த வீடு ஓரத்து வீடாகிவிடும். வரிசை இப்படியே குறைந்துகொண்டு வருகிறது. தடுப்புச் சுவர் கட்டுவதில்லை என்பது தீர்மானம். பாறை உதிர்வதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது, உதிர்வதை நிறுத்தினால் புல் மண்டிப்போகும். அழகுக்கு வீட்டை விலையாகக் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு அந்தத் தீர்மானம் சரி என்றே படுகிறது. ஆனால் வீடு என்னுடையதாக இருந்தால் என்ன சொல்வேனோ.

அங்கிருந்து பார்த்தாலே தெரியும், குன்றின்மேல் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம். இது ஒரு தமாஷான கதை. 1830களில் கட்டும்போது ஓர் உபாயம் செய்தார்கள்: கப்பல் கரைக்கு மிக நெருங்கி வந்தால் பாறையின் விளிம்பே விளக்கை மறைத்துவிடும், விளக்கு தெரியவில்லை என்றால் ஆபத்து என்று மாலுமி புரிந்துகொள்ள வேண்டும். விளிம்பு உதிர உதிர அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. பனிமூட்டத்திலும் விளக்கு தெரியவில்லை. 1902இல் கீழே கடலுக்குள்ளேயே வேறொன்றைக் கட்டி, இதை அணைத்துவிட்டார்கள். அப்புறம் கடல் இதன் காலடிக்கே வந்ததும், 1999இல் சுமார் 850 டன் கட்டடத்தை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி, உத்திரங்களின் மேல் வழுக்கவிட்டு 17 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். நம்மூர்க்காரர்கள் தேரை நிலைக்குக் கொண்டுவருவதுபோல, அங்குலம் அங்குலமாக. இப்போது அது தங்கும் விடுதி.

ஆல்ஃப்ரிஸ்டனைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அம்மாவுக்காக அங்கே ஒரு வீடு இருக்கிறது. கிளர்ஜி ஹவுஸ் என்று பெயர், 14ஆம் நூற்றாண்டு, கூரை வேய்ந்தது. இடிந்து விழ இருந்ததை 1896இல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடமே அதுதான். உள்ளே கூடத்தில் தரையைப் பாருங்கள். சுண்ணப்பாறைத் தூளைக் கொட்டித் திமிசுகட்டையால் இடித்து, மேலே புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை. சாணி மெழுகிய வீட்டில் வளர்ந்தவர் யாராக இருந்தாலும் குனிந்து ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். அம்மா குனிய முடியாவிட்டாலும், "பாலையா ஊத்துனாங்க!" என்று நிச்சயம் கேட்பார்.

சரி, பணம் தகுமா? நீங்கள் தனியாகப் போவதென்றால் பிரைட்டனில் இறங்கி ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள், மாடியில் முன்சீட்டைப் பிடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். மூட்டுவலிக்கார அம்மாவோடு அது ஆகாது. கார் வேண்டும். ஆனால் ரெடிங்கிலிருந்து வேண்டாம். ரயிலில் லூயிஸ் வந்துவிடுங்கள், லண்டன் விக்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்டேஷனில் காரை வரச் சொல்லுங்கள். ஆல்ஃப்ரிஸ்டன், பர்லிங் கேப், சாயங்காலம் ரை. மூன்றே இடம். ராத்திரி ரையிலேயே தங்கிவிட்டு மறுநாள் ரயிலில் திரும்புங்கள். காருக்குப் பணம் குறையும், அந்த மிச்சம் விடுதிக்கு ஆகும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம்.

பதிவு செய்யும் முன் ஓட்டுநருக்கு வாடகைக் கார் உரிமமும் காப்பீடும் இருக்கிறதா என்று கேளுங்கள். புளூ பேட்ஜ் வாங்கிய வழிகாட்டி என்றால் பரீட்சை எழுதித் தேறியவர். காரும் ஓட்டும் புளூ பேட்ஜ்காரர்கள் உண்டு. கூடவே ஒரு கேள்வி: "அந்தச் சுண்ணப்பாறை பற்றி என்ன சொல்வீர்கள்?" பதிலில் ராஜா ராணி வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம். கிராமத்து பப்களில் பல, மத்தியானம் இரண்டரைக்குள் அடுப்பை மூடிவிடும், பிறகு ஆறு மணிக்குத்தான். தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், காருக்குள் சாப்பிடலாமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஜூன்தானே என்று நினைக்காமல் அம்மாவுக்கு சால்வையும் அப்பாவுக்குக் குரங்குக் குல்லாவும் எடுங்கள். பாறைமேல் காற்று காதைப் பிய்க்கும். ரையில் மெர்மெய்ட் தெரு முழுக்க உருளைக்கல், சரிவு வேறு. அம்மாவை மேலே தேவாலயத்துப் பக்கமே இறக்கிவிடச் சொல்லுங்கள். பாறை விளிம்புக்கு யாரும் போகக்கூடாது, செல்ஃபிக்குக்கூட. கீழே குடைந்துபோயிருப்பது மேலே நிற்கிறவருக்குத் தெரியாது.

இன்னொரு நாள் இருந்தால், பிரைட்டனுக்கு வடக்கே குன்றின்மேல் சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபத்துக்கு அப்பாவை மட்டும் கூட்டிப்போங்கள். முதல் உலகப்போரில் காயம்பட்டு பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை எரியூட்டிய இடம். 1921இல் திறந்தார்கள். கார் போகாது, மேட்டில் நடக்க வேண்டும்.

அப்பாவுக்கு இப்போதே பதில் எதுவும் சொல்லாதீர்கள். ரையில் அந்தக் கோபுரத்தடியில், கொற்கையைப் பற்றி வழிகாட்டிக்கு அவரையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் போதும்.