ஏஸ் ஜோடிக்குக் காத்திருந்தால் சிப்ஸ் மிஞ்சாது

கேள்வி: போக்கர் டோர்னமென்டில் ஆரம்பத்தில் நன்றாகவே ஆடுகிறேன். பிளைண்ட் (சீட்டு போடும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகக் கட்டும் சிப்ஸ்) ஏற ஏற, நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே சிப்ஸ் கரைந்துவிடுகிறது. கடைசியில் ஆல்-இன் போனால், அதாவது இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும் கட்டினால், யாராவது கால் செய்து (அதே அளவு கட்டி) வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எப்போதுதான் போவது?

பதில்: இப்போது போவதைவிட இரண்டு சுற்று முன்னால். சிப்ஸை எண்ணிக்கையாகப் பார்க்காமல், எத்தனை பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது) இருக்கிறது என்று பாருங்கள். 10 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் சாதாரண ரைஸுக்கு (பந்தயத்தைக் கொஞ்சம் மட்டும் ஏற்றுவதற்கு) அர்த்தமில்லை. ஆல்-இன் அல்லது ஃபோல்டு (சீட்டை மடக்குவது), அவ்வளவுதான்.

பிளைண்ட் 1,000/2,000, பிக் பிளைண்டில் இருப்பவர் மேசைக்காகக் கூடுதலாகக் கட்டும் ஆன்ட்டி 2,000 என்று வையுங்கள். சீட்டு போட்ட உடனேயே நடுவில் 5,000 கிடக்கிறது. உங்களிடம் 16,000. ஒன்பது பேர் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே, சுற்றுக்கு 5,000 வீதம், மூன்று சுற்றில், அதாவது 27 ஆட்டத்தில், கிட்டத்தட்ட காலி. ஏஸ் ஜோடியோ சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும்.

இப்போது நீங்கள் பட்டனில், அதாவது உங்களுக்குப் பின்னால் பிளைண்டில் இருக்கும் இருவர் மட்டுமே பேச வேண்டிய இடத்தில். உங்களுக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்டு, கையில் கிங்-ஒன்பது. ஆல்-இன் போகிறீர்கள். மூன்றில் இரண்டு முறை பிளைண்டில் இருப்பவர்கள் விட்டுக்கொடுத்தால், சீட்டைத் திறக்காமலே 5,000 உங்களுக்கு. மீதி ஒரு முறை பிக் பிளைண்ட் கால் செய்கிறார், நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு வெறும் 35 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டிக் கழித்தால், சராசரியாக ஒவ்வொரு தடவையும் சுமார் 2,000 லாபம். இதைச் சம்பாதித்துத் தருவது உங்கள் கிங் இல்லை, எதிராளியின் தயக்கம். இதே சீட்டோடு 4,000 வரை காத்திருந்தால் யார் பயப்படப் போகிறார்கள்? பிக் பிளைண்டில் இருப்பவர் எதை வைத்தும் கால் செய்வார்.

எல்லா இடத்திலிருந்தும் இப்படிப் பாயாதீர்கள். முதலில் பேசும் இடத்தில் உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர். அங்கே கிங்-ஒன்பதைத் தூக்கிப் போடுங்கள். பட்டனில் எந்த ஏஸும், எந்த ஜோடியும் போதும்.

அப்புறம், ஆல்-இன் போவது வேறு, அடுத்தவர் ஆல்-இன்னைக் கால் செய்வது வேறு. போகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: மற்றவர்கள் மடக்கலாம், அல்லது அவர் சீட்டு ஜெயிக்கலாம். கால் செய்பவருக்கு ஒன்றுதான். ஏஸ்-பத்தைப் பார்த்துச் சபலப்பட்டுக் கால் செய்து, சீக்கிரமே வீட்டுக்குப் போன இரவுகள் எனக்கும் உண்டு.

பரிசு வரம்பு நெருங்கும்போது கால் செய்வதை இன்னும் இறுக்குங்கள். 50, 30, 20 சதவீதம் என்று மூவருக்குப் பரிசு என்றால், மேசையிலுள்ள மொத்தச் சிப்ஸையும் அள்ளியவருக்கும் பாதிப் பணம்தான். அதனால் இழக்கும் சிப்ஸ் ஜெயிக்கும் சிப்ஸைவிட விலை கூடியது. நான்கு பேர் மிச்சம், ஒருவர் ஒரே ஒரு பிக் பிளைண்டோடு தொங்கிக்கொண்டிருக்கிறார், பெரிய சிப்ஸ்காரர் உங்கள் மேல் ஆல்-இன் போகிறார் என்றால், ஏஸ்-குயினைக்கூட மனசில்லாமல் மடக்கி வைத்துவிட்டு, அந்த ஒருவர் முதலில் போகட்டும் என்று உட்கார்ந்திருங்கள்.