டெபியன் பேக்கேஜர் கேக்கறதெல்லாம் நான் செய்யணுமா?

கேள்வி: சி++ல ஒரு போட்டோ டூல் எழுதி கிட்ஹப்ல போட்டிருக்கேன். டெபியன்ங்கற லினக்ஸ் டிஸ்ட்ரோல (லினக்ஸ் தொகுப்பு) சேர்க்கறேன்னு ஒரு பேக்கேஜர் (சாஃப்ட்வேரை அதுக்கு ஏத்தபடி கட்டித் தர்றவர்) வந்தார், சந்தோஷப்பட்டேன். இப்ப என்னடான்னா கூடவே வச்சிருக்கற லைப்ரரிய (அடுத்தவங்க எழுதின கோடு) எடுங்க, பில்ட் பண்றப்ப (கோடை ப்ரோக்ராமா மாத்தறப்ப) நெட்ல இருந்து எதையும் எறக்காதீங்க, லைசென்ஸ் தெளிவா இல்லன்னு லிஸ்ட் போடறார். தேவைப்பட்டா என் கோடை பேட்ச் வேற (அவரே அங்கங்க மாத்தறது) பண்ணுவாராம். வேணாம்னு சொல்லிடலாமா?

பதில்: சொல்லலாம், ஆனா தடுக்க முடியாது. ஓபன் சோர்ஸ் லைசென்ஸ் போட்டப்பவே மாத்தவும் பரப்பவும் உரிமை குடுத்துட்டீங்க. மிச்சம் இருக்கறது பேரு மட்டும்தான், அதுவும் ட்ரேட்மார்க் இருந்தா. மொசில்லா 2006ல அதைத்தான் கையில எடுத்துச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ங்கற பேரு வேணும்னா பேட்ச்செல்லாம் எங்ககிட்ட காட்டி ஒப்புதல் வாங்குங்கன்னாங்க, டெபியன் ஒத்துக்காம ஐஸ்வீசல்னு பேரை மாத்திடுச்சு, 2016லதான் அது சரியாச்சு. அவ்ளோ பெரிய ஆளுங்களே பத்து வருஷம் இழுத்தாங்க, உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?

அவர் கேக்கறதுல முக்கால்வாசி நியாயம்தான். 2002ல இசட்லிப்ங்கற டேட்டா சுருக்கற லைப்ரரில ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்துச்சு, சிஸ்டத்துல இருந்த லைப்ரரிய மாத்தினா வேலை முடியல, ஏன்னா ஏகப்பட்ட ப்ரோக்ராம் அதோட காப்பிய தனக்குள்ளயே வச்சிருந்துச்சு, ஒண்ணொண்ணா தேடித் தேடி சரி பண்ண வேண்டியதாச்சு. அதுக்காக உள்ள இருக்கற காப்பிய தூக்கவே வேணாம், சிமேக்ல (பில்ட் பண்ற டூல்) ஒரு ஆப்ஷன் வச்சு சிஸ்டம் லைப்ரரி இருந்தா அதை எடுத்துக்கோன்னு விட்டுடுங்க, விண்டோஸ்காரங்களுக்கு பழையபடியே இருக்கட்டும். நீங்க அந்த காப்பிய கொஞ்சம் மாத்தி வச்சிருந்தீங்கன்னா அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் தெரிஞ்சா சங்கடம். பில்ட்ல நெட் கூடாதுங்கறது டெபியன் பாலிசி, அதுல பேரம் கிடையாது. லைசென்ஸும் அப்படித்தான், புது பேக்கேஜ் உள்ள வரும்போது ஒவ்வொரு ஃபைலும் யாருதுன்னு ஆள் உக்காந்து பாப்பாங்க, சும்மா கூகுள்ல எடுத்த ஐகான் ஒண்ணு இருந்தா கூட திரும்பி வரும்.

பேட்ச் விஷயத்துலதான் நீங்க உஷாரா இருக்கணும். 2006ல டெபியன்ல ஓபன்எஸ்எஸ்எல் (என்க்ரிப்ஷன் லைப்ரரி) பேக்கேஜ்ல, மெமரி தப்பு தேடற வால்கிரைண்ட் டூல்ல வார்னிங் வருதுன்னு ரெண்டு வரிய எடுத்தாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அப்ஸ்ட்ரீம்ல, அதாவது ஓபன்எஸ்எஸ்எல் எழுதறவங்ககிட்ட, கேக்கவும் செஞ்சாங்க, டிபக் பண்ண உதவும்னா எடுக்கலாம்ங்கற மாதிரி பதிலும் வந்துச்சு. கேட்டவர் டிஸ்ட்ரோல எல்லாருக்கும் போகப்போற மாற்றத்தை நெனச்சு கேட்டார், பதில் சொன்னவங்க டிபக்கிங்க நெனச்சு சொன்னாங்க. விளைவு, கீ உருவாக்கறதுல ரேண்டமா மிஞ்சினது ப்ராசஸ் ஐடி (ஓடற ப்ரோக்ராமுக்கு சிஸ்டம் குடுக்கற நம்பர்) மட்டும், ஒவ்வொரு வகை கீக்கும் 32,768 சாத்தியம்தான். 2008 மே வரைக்கும் யாரும் கவனிக்கல, டெபியனை வச்சு செஞ்ச உபுண்டுவும் சேர்ந்து மாட்டுச்சு. அதனால பேக்கேஜர் "இந்த வரி தேவையா"ன்னு கேட்டா எதுக்கு கேக்கறீங்க, எங்க போகப்போகுதுன்னு திருப்பி கேளுங்க, பேட்ச்ச அப்படியே புல் ரெக்வெஸ்ட்டா அனுப்பச் சொல்லுங்க. நல்லதா இருந்தா சேர்த்துக்கோங்க, அடுத்த ரிலீஸ்ல அவர் அதை சுமக்க வேண்டியதில்ல. டெபியன் பேக்கேஜ் ட்ராக்கர்ல உங்க டூலுக்கு சப்ஸ்க்ரைப் பண்ணி வச்சீங்கன்னா என்ன மாறுதுன்னு மெயில்ல வந்துடும்.

ரிலீஸ் டார்பாலையும் (வெளியிடற சுருக்கின கோடு ஃபைல்) கிட் டேக்ல (அந்த வெர்ஷனுக்கு கிட்ல வச்ச அடையாளம்) இருக்கறதையும் ஒரே மாதிரி வச்சுக்கோங்க. 2024ல எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்கற டூல்ல பின்கதவு (திருட்டு வழி) வந்தது அந்த இடைவெளியிலதான், அதை உசுப்பிவிடற ஸ்க்ரிப்ட் கிட்ல இல்ல, டார்பால்ல மட்டும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நெறைய பேக்கேஜருங்க ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கறாங்க.

நீங்க கேக்கல, ஆனா சீக்கிரமே தலைவலி வரப்போற ஒண்ணு இருக்கு. டெபியனோட ஸ்டேபிள் வெளியீட்டுல 12 வந்தது 2023 ஜூன்ல, 13 வந்தது 2025 ஆகஸ்ட்ல, நடுவுல செக்யூரிட்டி மாதிரி முக்கியமானது தவிர வெர்ஷன் நகராது. நீங்க எப்பவோ சரி பண்ண பக்கை ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து திட்டுவார். எக்ஸ்ஸ்க்ரீன்சேவர்ங்கற ஸ்க்ரீன்சேவர் ப்ரோக்ராம் எழுதினவர் இதுல கடுப்பாகி பழைய வெர்ஷன்னு யூசருக்கே வார்னிங் காட்டற மாதிரி வச்சார், 2016ல டெபியன்ல அது பெரிய சண்டையாச்சு, எனக்கு அவர் கோவம் புரியுது ஆனா அந்த வழி வேணாம். இஷ்யூ டெம்ப்ளேட்ல (கிட்ஹப்ல பக் சொல்றவங்க நிரப்பற படிவம்) எந்த வெர்ஷன், எங்கிருந்து இன்ஸ்டால் பண்ணீங்கன்னு ரெண்டு கேள்வி போடுங்க, டிஸ்ட்ரோ பேக்கேஜ்னா மொதல்ல ரிப்போர்ட்பக் (டெபியனுக்கு பக் சொல்ற டூல்) வழியா டெபியனுக்கு போகட்டும், உங்க கோடுல உள்ள தப்புன்னா பேக்கேஜரே உங்ககிட்ட கொண்டு வருவார்.