மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் எல்லாக் கடனும் தீர்ந்துவிடுமா?

தீராது. மஞ்சள் நோட்டீஸ் என்று சொல்வது, கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனுவைத்தான்; ஐ.பி. என்பதும் அதுவே. வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இதே நம்பிக்கையோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனால் அதன் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சென்னையில் 1909-ம் வருடச் சட்டம், மாவட்டங்களில் 1920-ம் வருடச் சட்டம். நான் பழகியது இரண்டாவது.

ஐ.பி. போட்ட அன்றே கடன் போய்விடாது. யாருக்கு எவ்வளவு பாக்கி, உங்களிடம் என்ன சொத்து என்று மனுவில் மறைக்காமல் எழுத வேண்டும். கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்ததும் சொத்து, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் பொறுப்புக்குப் போகும். அப்புறம் கோர்ட் குறித்த கெடுவுக்குள் கடனிலிருந்து விடுதலை கேட்டுத் தனியாக மனு போட வேண்டும். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கெடு தாண்டினால் திவால் அறிவிப்பே ரத்தாகிவிடும்.

விடுதலை கிடைத்தால் கைமாற்று, புரோநோட்டுக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் போகும். வரி போல அரசுக்குக் கட்ட வேண்டியது, ஏமாற்றி வாங்கிய கடன், மனைவி பிள்ளைகளுக்குக் கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் ஆகியவை 1920-ம் வருடச் சட்டத்தின் 44-வது பிரிவின்படி அப்படியே நிற்கும். வீட்டை அடமானம் வைத்திருந்தால் அதன்மேல் வங்கிக்கு உள்ள உரிமையும் போகாது. செக் பவுன்ஸ் கேஸ் தன் பாட்டுக்குத் தனியாக நடக்கும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஜாமீன்தான். உங்களுக்குக் கிடைக்கும் விடுதலை உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவரை விடுவிக்காது. அண்ணனின் கடனுக்கு ஜாமீன் போட்ட ஒரு ஆசிரியை, சம்பள ஜப்தி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, “அவன்தானே சார் வாங்கினான், அவனுக்குத்தான் கோர்ட்டே முடித்துக் கொடுத்துவிட்டதே?” என்று கேட்டார். அண்ணன் ஐ.பி. போட்டதையே அவர் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். முன்பே சொல்லியிருந்தால் வங்கியில் பேசித் தவணையாவது கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு ஐ.பி. போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழுதி வைத்த 2 வருடத்துக்குள் திவால் மனு வந்தால், ரிசீவர் அதைச் செல்லாததாக்கக் கோர்ட்டில் கேட்கலாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது கடன் கொடுத்தவர்கள் பட்டியலோடு ஜாமீன் போட்டவர்கள் பட்டியலையும் எடுத்துப் போங்கள். மனு போடும் முன் அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.